வாட்மீட்டரை முதலில் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள். அதற்குச் சில வாரம் முன்பு அங்கே மரப்பெட்டியோடு ஒரு முள் வாட்மீட்டர், அதாவது லோடு இழுக்கும் மின்திறனை வாட்டில் காட்டும் கருவி, வாங்கினேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, "இது ஏசி, டிசி ரெண்டுக்கும் எப்படி மாமா ஓடுது?" என்றான். ஒயரை அவன் கையிலேயே கொடுத்தேன்.

இதில் நிரந்தரக் காந்தம் கிடையாது. தடித்த கம்பியில் சுற்றிய அசையாத சுருள், இரண்டு பாதியாக நிற்கும். லோடின் கரண்ட் முழுவதும் அதில்தான் போகும். நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று அச்சில் சுழலும். அதைப் பெரிய ரெசிஸ்டரோடு தொடராக்கி வோல்டேஜுக்குக் குறுக்கே போடுகிறோம். முள் அந்த அச்சில் இருக்கிறது. முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் சின்னச் சுருள்வில்கள்தான் அந்தச் சுருளுக்குக் கரண்டும் கொண்டுபோகின்றன.

12 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 வாட் கார் பல்பு ஒன்று எடுங்கள். சுருளுக்கு ஒன்றாக '±' குறி போட்ட முனைகள் இரண்டையும் சேர்த்து பேட்டரியின் பிளஸில் கொடுங்கள். 1 ஆம்பியர் முனையிலிருந்து பல்பு வழியாக மைனஸுக்கு ஒரு ஒயர். 120 வோல்ட் முனையிலிருந்து நேரே மைனஸுக்கு இன்னொன்று. என் மீட்டரில் 120 கோடு; இந்த ரேஞ்சில் கோட்டுக்கு 1 வாட். முள் 10-க்குப் பக்கத்தில் நிற்கும்.

இப்போது பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள். முள் அதே வலப்பக்கம்தான் போகும். இரண்டு சுருளிலும் கரண்ட் ஒன்றாகத் திரும்பியதால் திருகுவிசை மாறவில்லை. வோல்டேஜ் சுருளின் ஒயர்களை மட்டும் மாற்றினால் முள் இடப்பக்கம் போய் முட்டும். அவ்வளவுதான் ரகசியம்: 50 ஹெர்ட்ஸில் திசை விநாடிக்கு 100 முறை மாறினாலும் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன, முள் சராசரியைக் காட்டுகிறது.

பேட்டரியைத் திருப்பும்போது அளவு லேசாக மாறினால் பயப்பட வேண்டாம். இரும்பு இல்லாத சுருள், அதன் காந்தப்புலம் பலவீனமானது. பூமியின் காந்தமே அதில் கை வைக்கும். இரண்டு அளவையும் கூட்டிப் பாதியாக்குங்கள். இதே காரணத்துக்காக டிரான்ஸ்பார்மர் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

அப்புறம் மெயின். சாக்கெட் பொருத்திய மூடிய பெட்டி வழியாக மட்டும். பழக்கம் இல்லாதவர்கள் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னிடம் கெபாசிட்டர் இல்லாத, பழைய சோக் (கரண்டைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சுருள்) வைத்த 36 வாட் டியூப்லைட் இருக்கிறது. 240 வோல்ட், 1 ஆம்பியர் ரேஞ்ச். கோட்டுக்கு 2 வாட். ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 0.43 ஆம்பியர் காட்டியது. மெயின் வோல்டேஜான 230-ஆல் பெருக்கினால் 99 வருகிறது. முள்ளோ 22, 23-க்கு நடுவில், அதாவது 45 வாட். கரண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கி வருவதால், சுழற்சியில் கொஞ்ச நேரம் முள்ளை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அந்தக் கழிவு போக மிச்சம்தான் இந்த 45.

இங்கேதான் நான் ஒரு முறை சூடுபட்டேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், லோடு இல்லாமல் ஓடிய ஒரு மோட்டாரை அளந்தேன். முள் கால்வாசிகூடப் போகவில்லை, நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வார்னிஷ் வாடை. கரண்ட் சுருள் கருகிவிட்டது. முள் காட்டுவது வாட், ஆம்பியர் அல்ல. அன்றிலிருந்து தொடரில் ஓர் அம்மீட்டர் இல்லாமல் நான் ஸ்விட்ச் போடுவதில்லை.