உண்ணிச்செடியை அகற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைகளும் மான்களும் மேய வேண்டிய இடங்களை அதன் முட்புதர்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அகற்ற மக்கள் படும் பாட்டில் பெரும்பகுதி, முறை தவறுவதால் வீணாகிறது.

தண்டைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போவதே முதன்மையான தவறு. வேரும் தண்டும் கூடும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்கள் கிளம்பி, முன்பைவிட அடர்ந்த புதர் உருவாகிவிடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழுவினர் வகுத்த முறைப்படி, மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, புதரை முழுதாகத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அப்போது அடிக்கட்டை மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்து மடியும். பொக்லைன் கொண்டு வாரி எடுப்பது விரைவான வழியாகத் தோன்றினாலும், மண் கிளறப்படுவதால் புதைந்திருக்கும் விதைகள் முளைக்கவே அது உதவுகிறது. தீ வைப்பதோ அதனினும் தவறு: நாட்டுப் புல்லும் இளமரங்களும் கருகிப்போக, உண்ணி மட்டும் வேரிலிருந்து துளிர்த்து, வெறுமையான நிலத்தைக் கைப்பற்றிக்கொள்ளும்.

காய்கள் கறுத்துப் பழுத்த பிறகு புதர்களை இழுத்துச் செல்வதும் கூடாது, வழியெங்கும் விதை சிந்தும்.

ஒருமுறை அகற்றியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதைத்தான் நான் மிகவும் கவலைக்குரிய தவறாகக் கருதுகிறேன். சின்னான் போன்ற பறவைகள் பழத்தைத் தின்று விதைகளை எச்சத்தில் இடுவதால், அவை வந்து அமரும் மரங்களின் அடியில் நாற்றுகள் தொடர்ந்து முளைக்கும். அடுத்து வரும் சில ஆண்டுகளுக்கு, மழையில் மண் இளகியிருக்கும்போதே அவற்றைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். அகற்றிய இடத்தில் அந்தந்தக் காட்டுக்குரிய புல் விதைகளைத் தூவவும் வேண்டும். இல்லையெனில் உண்ணி போன இடத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொள்ளும்.

வெட்டிய தழையைக் கால்நடைகள் வரும் வழியில் குவித்து வைக்கக் கூடாது. தீவனம் கிடைக்காத காலத்தில் பசித்த மாடு அதைத் தின்னும்போது, இலையில் உள்ள லன்டடீன் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்குகிறது. மஞ்சள் காமாலை உண்டாவதுடன், வெயில் படும் தோலும் வெந்து உரிகிறது. அத்தகைய மாட்டை உடனே நிழலில் கட்டிவிட்டு, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.