வாரத்துக்கு 3 நாள் மட்டும் ஓடி வேகம் கூட்டுவது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட், தருமபுரியில் கடை, கிருஷ்ணகிரியில் ஆபீஸ் என்று எங்கே வேலை பார்த்தாலும், ஓடுவதற்கு வாரத்தில் இரண்டரை மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும். "கிடைக்கிறதே முக்கால் மணி நேரம், அதையும் மெதுவா ஓடி வீணாக்கணுமா?" என்று மூன்று நாளும் மூச்சிரைக்க ஒரே வேகத்தில் ஓடுவதால்தான் பலர் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறார்கள். அப்படி ஓடினால் காலும் தேறாது, வேகமும் வராது.

கீழே உள்ள திட்டம் நிற்காமல் 20 நிமிடம் ஓட முடிகிறவர்களுக்கு. முடியாதவர்கள் முதலில் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 30 நிமிடம் பழகிக்கொண்டு வரலாம். பிபி, சர்க்கரை, நெஞ்சுவலி இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

படி 1: மூன்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

செவ்வாய் 45 நிமிடம் லேசான ஓட்டம், வியாழன் 45 நிமிடம் வேக ஓட்டம், ஞாயிறு 60 நிமிடம் நீண்ட ஓட்டம். ஷிப்ட்காரர்கள் கிழமையைப் பார்க்க வேண்டாம், வரிசையைக் காப்பாற்றினால் போதும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் வேக ஓட்டம் கூடவே கூடாது. தூங்கி எழுந்து சாயங்காலம் லேசாக ஓடலாம்.

படி 2: லேசான ஓட்டம் லேசாகவே இருக்கட்டும்

ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். 5 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் முடிப்பவர், அதாவது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் எடுப்பவர், இந்த நாளில் எட்டு, எட்டரை நிமிடத்தில் போகலாம். நடப்பவர்களே நம்மைத் தாண்டிவிடுவார்கள் போலத் தோன்றும். தோன்றட்டும்.

ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத்தரமான வீரர்களின் பயிற்சியை அலசி, அவர்கள் செய்யும் பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் லேசானவை என்று காட்டினார். அவர்கள் வாரத்துக்குப் பத்துத் தடவைக்கும் மேல் பயிற்சி செய்பவர்கள். நமக்கு மூன்றில் ஒன்று கடினம் என்ற கணக்கே சரி.

படி 3: வேக நாள்

முதல் 12 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 20 வினாடி வேகம், 40 வினாடி நடை என்று 3 முறை. அதன் பிறகுதான் அசல் வேலை: 400 மீட்டர் ஓட்டம் 6 முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 நிமிடம் நடை. கடைசியில் 5 நிமிடம் மெதுவோட்டம். முதல் இரண்டு வாரம் 4 முறை போதும்.

400 மீட்டரை எந்த வேகத்தில் ஓடுவது? உங்கள் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு எடுக்கும் நேரத்தைவிட அரை நிமிடம் குறைவாக வரும் வேகத்தில். மேலே சொன்ன 35 நிமிடக்காரருக்கு ஒரு சுற்று 2 நிமிடம் 36 வினாடி.

எல்லாரும் கோட்டை விடுவது முதல் சுற்றில்தான். 2:15-இல் பறந்துவிட்டு ஐந்தாவது சுற்றில் 3 நிமிடத்துக்கு வந்து நிற்பார்கள். அது பயிற்சிக் கணக்கில் சேராது. 2:38, 2:36, 2:36 என்று போய், கடைசிச் சுற்று 2:34-இல் முடிந்தால் அந்த நாள் வெற்றி. ஆறாவதை முடித்ததும் "இன்னும் ஒன்று ஓடலாம்" என்று தோன்ற வேண்டும். ஆனால் ஓடக் கூடாது.

காலையில் ஸ்டேடியத்துக்குப் போனால் உள் லேன்களை நடைப்பயிற்சிக்காரர்கள் பிடித்திருப்பார்கள். சண்டை போட வேண்டாம், நாலாவது லேனுக்குப் போங்கள். 400 மீட்டர் டிராக்கில் அந்த லேன் சுமார் 422 மீட்டர் வரும். அதே வேகத்துக்கு அங்கே 2 நிமிடம் 45 வினாடி ஆகும். இது தெரியாமல் 2:36-ஐத் துரத்தினால் நாலு சுற்றிலேயே கால் செத்துவிடும்.

டிராக் இல்லாத ஊரில் ஏற்றம் போதும். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைக்கு ஏறும் தார்ச்சாலை மாதிரி ஒன்றில் 40 வினாடி ஏறி ஓடுங்கள், நடந்து இறங்குங்கள், 8 முறை. இறக்கத்தில் ஓடினால் முழங்காலுக்கும் முன்தொடைக்கும்தான் அடி.

படி 4: நீண்ட ஓட்டம்

வேகம் செவ்வாய்க்கிழமை மாதிரியே. 60 நிமிடத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டி, 75-இல் நிறுத்திக்கொள்ளலாம். நான்காவது வாரம் மட்டும் குறைத்து 45 நிமிடம்.

மார்ச் முதல் மே வரை ஐந்தரைக்குள் கிளம்பிவிட வேண்டும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலை குளுகுளுவென்று இருக்கும். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இறங்கிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. வெயிலில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. அதனால் வாட்சைப் பார்க்காமல், படி 2-இல் சொன்ன பேச்சுச் சோதனையை நம்புங்கள். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோர், அரை மணி கழித்து ராகிக் கூழோ இட்லியோ.

தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம். கிராமச் சாலையில் வண்டி எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள்; பெரும்பாலும் அதுவும் விட்டுவிடும்.

படி 5: வலி வந்தால்

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி வலித்தால், ஓட்டத்தைத் திடீரென்று கூட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் ஷூ தேய்ந்திருக்கும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூவை மாற்ற வேண்டிவரும். ஒரு வாரம் வேக நாளை விட்டுவிட்டு, லேசான ஓட்டத்தை மண் பாதைக்கு மாற்றுங்கள். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீரென்றால் ஓடவே கூடாது, எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கெண்டைக்காலுக்கு ஓடாத நாள்களில் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைத் தூக்கி இறக்குவது 15 தடவை, 3 சுற்று. பல் தேய்க்கும்போதே செய்துவிடலாம்.

ஒரு நாள் தவறினால் அதை அடுத்த நாளில் சேர்த்து ஈடுகட்ட வேண்டாம். ஒரு வாரத்தில் இரண்டே நாள் கிடைத்தால் விட வேண்டியது லேசான நாளை. வேக நாளும் நீண்ட ஓட்டமும் இருக்கட்டும். எட்டாவது வார ஞாயிறு, நீண்ட ஓட்டத்துக்குப் பதில் 5 கிலோமீட்டரை நேரம் வைத்து ஓடிப் பாருங்கள். புது நேரத்தை வைத்து 400 மீட்டர் கணக்கை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.