சர்வேயில் சிவப்பு விழுந்தால்: லண்டனில் பழைய வீடு வாங்குவோருக்கு

ஆஃபர் ஏற்கப்பட்டுவிட்டது, மோர்ட்கேஜ் விண்ணப்பம் ஓடுகிறது, சொலிசிட்டரும் (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) இருக்கிறார் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வங்கி செய்யும் வேல்யுவேஷன் வங்கிக்கானது. கொடுக்கிற கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. சில சமயம் ஆளே வராமல் கணினியிலேயே முடித்துவிடுவார்கள். சர்வே என்பது வீட்டின் நிலை என்ன என்று பார்க்க நாம் தனியாகக் காசு கொடுத்து எடுப்பது.

நாங்கள் ஹாரோ பக்கம் வாங்கியது 1930களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் வீடு. மெட்ரோபாலிட்டன் ரயில் பாதையை ஒட்டி வரிசை வரிசையாக எழுந்த வீடுகளில் ஒன்று. அந்த வயது வீட்டுக்கு, அதிலும் உள்ளே சுவரை எடுத்து மாற்றியிருந்தால், ஆர்.ஐ.சி.எஸ். (சர்வேயர்களின் தொழில் அமைப்பு) வகுத்ததில் மிக விரிவான லெவல் 3 சர்வேதான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. லெவல் 2-க்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

1. ரிப்போர்ட்டைப் பிரித்துப் படியுங்கள்

ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று மதிப்பீடு இருக்கும். 1 பச்சை, 2 மஞ்சள், 3 சிவப்பு. சிவப்பைக் கண்டதும் வயிறு கலங்கும். ஆனால் மின்சாரத்துக்கும் காஸுக்கும் சமீபத்திய சான்றிதழ் இல்லை என்பதற்காகவே சிவப்பு போடும் சர்வேயர்கள் உண்டு. அவர்கள் அவற்றைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

நான் பயப்படுவது என்.ஐ. என்ற குறிக்கு. அந்த இடத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று அர்த்தம். பதித்த கார்ப்பெட்டைத் தூக்க மாட்டார்கள், அலமாரியை நகர்த்த மாட்டார்கள், லோஃப்டில் (கூரைக்கு அடியில் உள்ள இடம்) சாமான் நிறைந்திருந்தால் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். என்.ஐ. உள்ள இடங்களைக் குறித்து வைத்து, ஏஜென்டிடம் சொல்லி, சாமானை ஒதுக்கச் சொல்லி இன்னொரு முறை போய்ப் பாருங்கள். பிரிண்ட் எடுத்து ஹைலைட்டர் போட்டுப் படிப்பதுதான் எனக்குச் சரிவருகிறது. எண்பது பக்கத்தை போனில் உருட்டிப் படித்தால் எதுவும் மனதில் நிற்காது.

2. சர்வேயருக்கு போன் போடுங்கள்

எழுத்தில் எல்லாவற்றுக்கும் 'மேலும் ஆய்வு தேவை' என்று போட்டுத் தங்களைக் காத்துக்கொள்வார்கள். பேசினால் மனிதர்கள். "இதில் எந்த மூன்று விஷயங்களைப் பார்த்து நீங்கள் கவலைப்படுவீர்கள்?" என்று கேளுங்கள். எங்கள் சர்வேயர் யோசிக்காமல் சொன்னது: சிம்னி, தரைக்கடியில் காற்றோட்டம், மின்சார வயரிங்.

3. ஓதம் (சுவர் ஈரம்)

இலவச டேம்ப் சர்வே என்று வருபவர்கள் பெரும்பாலும் சுவரில் ரசாயன ஊசி போடும் கம்பெனிகள். ஊசி விற்பவரிடம் ஊசி தேவையா என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஈரம் பார்க்க அவர்கள் சுவரில் குத்தும் இரண்டு முள் மீட்டர் மரத்துக்காக அளவிடப்பட்டது. பூச்சில் உப்பு படிந்திருந்தாலும் அது எகிறும். கடையில் விற்கும் மலிவு மீட்டரை வாங்காதீர்கள்; அந்தக் காசுக்கு நல்ல டார்ச் வாங்கலாம். எதையும் விற்காத, கட்டணம் வாங்கும் தனி ஆய்வாளரைப் பிடியுங்கள்.

அதற்கு முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள். சுவர் அடியில் ஓட்டை போட்ட ஏர் பிரிக் இருக்கும். மரத்தரைக்கு அடியில் காற்று போக அதுதான் வழி. பின்னால் பேட்டியோவோ (கல் பாவிய முற்றம்) முன்னால் கார் நிறுத்தும் தளமோ போட்டவர்கள் அதைப் புதைத்திருப்பார்கள். வெளித்தரை, சுவருக்குள் இருக்கும் ஈரத்தடுப்பு வரிக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். எங்களுக்குத் தீர்வு ஊசி அல்ல, பேட்டியோவின் ஓரத்தைத் தோண்டி ஏர் பிரிக்கைத் திறந்ததுதான்.

4. அனுமதி இல்லாத இடிப்பு (இங்கேதான் எல்லாம் நின்றுபோனது)

பழைய வீடுகளில் அறைக்குள் துருத்தி நிற்கும் புகைபோக்கிச் சுவரை, அதாவது சிம்னி பிரெஸ்ட்டை, இடம் வேண்டி இடித்திருப்பார்கள். கீழே இடித்துவிட்டு லோஃப்டிலும் கூரைக்கு மேலும் உள்ள செங்கல் பாரத்தை அப்படியே விட்டிருப்பார்கள். அதை எது தாங்குகிறது என்பதுதான் கேள்வி. பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிகளைச் சோதிக்கும் பிரிவு) ஒப்புதல் இருக்கிறதா என்று சொலிசிட்டர் கேட்டால், "நாங்கள் வாங்கும்போதே இப்படித்தான்" என்று பதில் வரும்.

உடனே கவுன்சிலுக்கு போன் போட்டு விசாரிக்கத்தான் கை பரபரக்கும். போடாதீர்கள். சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டு எதையும் செய்யுங்கள். காரணம் இதுதான்: அனுமதியில்லாத வேலைக்கு இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் என்று ஒன்று உண்டு, பிரீமியம் ஒரே முறை. இந்த வேலையைப் பற்றி யாராவது கவுன்சிலிடம் பேசிவிட்டால் அந்த பாலிசி கிடைக்காது. பழைய அனுமதிப் பதிவு ஏதாவது இருந்தால் சொலிசிட்டர் எடுக்கும் லோக்கல் சர்ச்சில் (கவுன்சில் பதிவுகளைத் தேடுவது) வரக்கூடும். அதற்காக நீங்கள் போன் எடுக்க வேண்டாம்.

அதே மூச்சில் இன்னொன்று. அந்த பாலிசி, கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்குத்தான். சிம்னி இறங்கினால் ஒரு பென்னி தராது. "பாலிசி போட்டாச்சு, பிரச்சினை முடிந்தது" என்று ஏஜென்ட் சொல்வார். தலையில் செங்கல் விழுந்தால் பாலிசித் தாளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி ரெகுலரைசேஷன். 11 நவம்பர் 1985-க்குப் பிறகு நடந்த வேலைக்கு, விற்பவர் கவுன்சிலிடம் வேலை முடிந்த பிறகான ஒப்புதல் கேட்கலாம். ஆனால் பூச்சை உடைத்துக் காட்டச் சொல்வார்கள். ஒப்புதல் கிடைக்குமென்ற உறுதியும் இல்லை. குடியிருப்பவர் சம்மதிப்பது அபூர்வம்.

என் வரிசை: முதலில் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். பில்டர் வேண்டாம், சார்ட்டர்டு இன்ஜினியரின் எழுத்துபூர்வ அறிக்கைதான் வங்கியிடமும் செல்லும். எங்கள் வீட்டில் லோஃப்டின் செங்கல் பாரம், பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரில் அடித்த இரண்டு இரும்புத் தாங்கிகள்மேல் நின்றது. ஸ்டீல் பீம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பொதுச்சுவரில் பீம் ஏற்றுவதென்றால் பார்ட்டி வால் சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாத நோட்டீஸ் என்பதையும் அவர்தான் சொன்னார்.

5. பேரம்

எஸ்டிமேட் இரண்டு மூன்று வாங்கி, இன்ஜினியர் அறிக்கையோடு ஏஜென்டுக்கு மின்னஞ்சல் போடுங்கள். போனில் பேரம் பேசாதீர்கள். எழுத்தில் இருந்தால் விற்பவரிடம் அப்படியே போகும். பழைய கிச்சன், தேய்ந்த கார்ப்பெட் போன்ற கண்ணில் பட்ட குறைகளைச் சேர்த்தால் பெரிய விஷயமும் சேர்ந்து அடிபடும். கண்ணுக்குத் தெரியாத சிவப்புகள் மட்டும்.

இனி, பலர் கவனிக்காத கணக்கு. 5 லட்சம் பவுண்டு வீடு, 10% டெபாசிட், மீதி கடன். பத்தாயிரம் குறைத்தார்கள் என்று வையுங்கள். அதே 10% விகிதத்தில் உங்கள் டெபாசிட் 50,000-லிருந்து 49,000 ஆகும். மீதி ஒன்பதாயிரம் கடனில் குறையும். ஸ்டாம்ப் டியூட்டியில் ஒரு 500 மிச்சம். ஆக, பத்தாயிரம் பவுண்டு வேலைக்குக் கையில் மிஞ்சியது ஆயிரத்து ஐந்நூறு! ரிப்பேருக்கான ரொக்கம் தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலைக்குறைப்பைக் கேளுங்கள். இல்லையென்றால், வேலையை விற்பவரே முடித்துச் சான்றிதழோடு தரச் சொல்லலாம்; ஆனால் அவர் மிக மலிவான ஆளைத்தான் பிடிப்பார். பணத்தைச் சொலிசிட்டரிடம் பிடித்து வைத்து வேலை முடிந்ததும் விடுவிக்கும் ரிடென்ஷன் நல்ல நடுவழி. "விலை அப்படியே இருக்கட்டும், கம்ப்ளீஷன் (சாவி கைமாறும் நாள்) அன்று கையில் திருப்பித் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், சொலிசிட்டர் அதை வங்கியிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்துச் செய்தால் மோசடி.

நாங்கள் விலையைக் குறைத்து வாங்கி, சாவி கிடைத்த பிறகு கவுன்சில் ஒப்புதலோடு பீம் போட்டோம்.

6. விலகுவது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது) ஆகும் வரை யாரும் விலகலாம். சர்வே, சொலிசிட்டர் காசு போகும், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு விலகினால் வழக்கமாக 10% டெபாசிட் போகும். அதனால் பதில் வராத சிவப்பு ஒன்று மிச்சமிருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் தேதி கொடுக்காதீர்கள், "செயின் (ஒன்றையொன்று நம்பி நிற்கும் வீட்டு விற்பனைகளின் வரிசை) உடைந்துவிடும்" என்று ஏஜென்ட் எத்தனை முறை அழைத்தாலும். எக்ஸ்சேஞ்ச் அன்றே வீட்டு இன்ஷூரன்ஸும் உங்கள் பெயரில் தொடங்க வேண்டும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் ஒருவர் லோஃப்டில் ஸ்ப்ரே ஃபோம் (குளிர் தடுக்கக் கூரைக்கு அடியில் அடிக்கும் நுரை) அடித்திருப்பதாக எழுதியிருந்தார். பேரத்துக்கு முன் உங்கள் வங்கியிடம் கேளுங்கள். கூரை மரங்களைப் பார்க்கவே முடியாது என்பதால் பல வங்கிகள் கடன் மறுக்கின்றன.

இன்னொரு பின்சேர்க்கை: லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகையில் வாங்கும்) ஃப்ளாட்டுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கிறார்கள். கூரையும் வெளிச்சுவரும் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர் (கட்டடத்தின் உரிமையாளர்) பொறுப்பு, ஆனால் செலவு எல்லோர் தலையிலும் விழும். கூரைக்குச் சிவப்பு என்றால், செக்‌ஷன் 20 நோட்டீஸ் (பெரிய ரிப்பேர் செலவு வரப்போகிறது என்ற அறிவிப்பு) ஏதாவது வந்திருக்கிறதா, ரிசர்வ் ஃபண்டில் (ரிப்பேருக்காகச் சேர்த்து வைத்த பணம்) எவ்வளவு இருக்கிறது என்று சொலிசிட்டரை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.