பெரிய சாமான் ஷெட்டைப் பிரிக்காமல் புது மனைக்கு நகர்த்துவது எப்படி

மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்துக் கட்டிய ஷெட்டை ஒரு பெட்டியைப் போல முழுசாகவே தூக்கிக்கொண்டு போகலாம். எடையைப் பார்த்துத்தான் எல்லோரும் மலைப்பார்கள். ஆனால் ஷெட்டைக் கெடுப்பது முறுக்கம். ஒரு மூலை மற்ற மூன்றைவிட இரண்டு அங்குலம் கூட ஏறினால் போதும்: கதவு நிலை கோணும், சுவர்ப்பலகையில் ஆணி பிடுங்கும், முகட்டில் விரிசல் விட்டு அடுத்த மழைக்கு ஒழுகும். கீழே வரும் வேலையில் பாதி, அடித்தளத்தை முறுக்காமல் வைத்திருப்பதற்காகத்தான்.

கணக்குக்கு 10 அடிக்கு 16 அடி, சுவர் 8 அடி உயரம் உள்ள ஷெட்டை எடுத்துக்கொள்வோம். அளவு மாறினால் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முழுசாகப் போகுமா?

முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். தரைப்பலகைக்குக் கீழே நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு கனமான கட்டைகள் ஓட வேண்டும். இவற்றை இனி அடிக்கட்டை என்போம். ஒவ்வொன்றையும் அடிக்கொரு இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி பதியாது. கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அங்கே மக்கல் இருக்கிறது. முனையில் மட்டும் மக்கியிருந்தால், பக்கவாட்டில் அதே உயரத்தில் புதுக் கட்டை ஒன்றைச் சேர்த்து அரை அங்குல போல்ட்டால் இறுக்கலாம். நடுவிலும் மக்கியிருந்தால் கட்டையையே மாற்ற வேண்டும்.

ஷெட்டுக்குச் சொந்தமாகத் தரை இல்லாமல் சுவர்கள் நேராகக் கான்கிரீட்டில் நிற்கிறதா? ஜாக்கி வைக்க இடமே இல்லை. பிரித்துக்கொண்டு போவதுதான் வழி. மெல்லிய தகரப் பலகைகளைத் திருகிச் சேர்த்த ஷெட்டும் அப்படியே. தூக்கினால் மடங்கும், தகடுகளுக்கு எண் போட்டுக் கழற்றினால் இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை.

நம் ஷெட்டின் எடையைப் பகுதி பகுதியாகக் கூட்டினால், அடிக்கட்டையோடு தரை 400 கிலோ, சுவர்கள் 600, கூரை 350 முதல் 450, கதவு 60. ஆகச் சுமார் ஒன்றரை டன். மழையில் ஊறிய மரம் இதைவிடக் கனக்கும். ஆகையால் எல்லாச் சாமான்களையும் 2 டன்னுக்குக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

போகும் வழி

தரையிலிருந்து முகடு வரை 11 அடி, டிரெய்லர் தளம் இரண்டரை அடி என்றால் வண்டியில் ஏறிய பிறகு பதின்மூன்றரை அடி உயரம். வழி நெடுகத் தாழ்வாகத் தொங்கும் கம்பிகளையும் கிளைகளையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். கேபிள் கம்பிக்கு நீளக் கழியில் குறி போட்டு அளக்கலாம். மின்கம்பிக்கருகே கழியே கொண்டுபோகாமல் மின்வாரியத்தைக் கேளுங்கள். நகர்த்தும் நாளில் குச்சியால் கம்பியைத் தூக்கிப் பிடித்து வண்டியை விடும் வேலை வேண்டவே வேண்டாம்.

அகலத்துக்கு அனுமதி தேவைப்படும். பெரும்பாலான நாடுகளில் சாலை வண்டியின் அகல வரம்பு இரண்டரை மீட்டரை ஒட்டியே இருக்கிறது. 10 அடி ஷெட் கூரை நீட்டத்தோடு மூன்று மீட்டரைத் தாண்டும். புது மனையில் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் ஷெட் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். வைத்த பிறகு மூன்றடி தள்ளு என்றால் மொத்த வேலையும் இன்னொரு தரம்.

இரண்டு மனைகளிலும் செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்க் குழாய், பூமிக்கடியில் போகும் மின்கம்பி எங்கே என்று குறித்து வையுங்கள். சுமையேறிய டிரெய்லரின் ஒரு சக்கரம் டேங்க் மூடியில் ஏறினால் போதும், மூடி உடையும்.

புது இடத்துத் தளம்

இதை முன்னதாகவே முடித்துவிட வேண்டும். ஷெட்டை வண்டியில் நிறுத்திவைத்துக்கொண்டு மண் வெட்டுவது கொடுமை.

ஷெட்டைவிட எல்லாப் பக்கமும் ஓரடி கூட, அதாவது 12 அடிக்கு 18 அடி எடுத்து, மேல்மண்ணை அரையடி வெட்டி எறியுங்கள். வேர் உள்ள மண் மக்கி இறங்கும், அதை விட்டுவைக்கக் கூடாது. பிறகு 20 மில்லிமீட்டர் உடைகல் ஜல்லி, அரையடி கனம். கணக்குப்படி 108 கன அடி. இடித்தால் அமுங்கும், 130 கன அடியாக வாங்குங்கள். மூன்று அங்குலம் கொட்டி இடித்து, மறுபடி மூன்று அங்குலம் கொட்டி இடிக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் மேல் பாதிதான் இறுகும். உருண்டைக் கூழாங்கல் எவ்வளவு இடித்தாலும் பிடிக்காது. மட்டத்தை டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயில்) பாருங்கள். 16 அடி நீளத்துக்குச் சிறிய ரசமட்டத்தை நம்ப முடியாது.

பெட்டியை இறுக்குவது

உள்ளே ஒரு ஆணி டப்பாகூட இருக்கக் கூடாது. அலமாரிகளைக் கழற்றுங்கள், மின் இணைப்பு இருந்தால் எலெக்ட்ரீஷியன் துண்டிக்கட்டும். ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிளைவுட் அடியுங்கள்.

அடுத்து முட்டுக்கட்டைகள். ஒவ்வொரு சுவரின் உட்பக்கமும் மூலைக்கு மூலை 2க்கு 4 அங்குலச் சட்டம் ஒன்றைச் சாய்வாக வைத்து, அது தொடும் ஒவ்வொரு நிற்கும் சட்டத்திலும் இரண்டு திருகு போடுங்கள். ஆணி வேண்டாம், அடிக்கும் அதிர்விலேயே பழைய இணைப்புகள் தளரும், பிடுங்கும்போது மறுபடி தளரும். கதவு வாசல்தான் பெட்டியின் ஓட்டை. அதன் குறுக்கே அடியில் ஒரு சட்டம், நடுவில் ஒரு சட்டம் கொடுத்து, கதவையும் நிலையோடு திருகிவிடுங்கள்.

கடைசியாகத் தரையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். பின்னால் இந்த இரண்டு எண்ணும் உதவும்.

தூக்குவது

தேவையானவை: 6 டன் பாட்டில் ஜாக்கி இரண்டு, இரண்டடி நீளத்தில் 4க்கு 4 அங்குலக் கட்டைகள் நாற்பது, ஓரங்குலப் பலகைத் துண்டுகள், ஆப்புகள், ஜாக்கித் தலைக்கு வைக்கக் கனமான இரும்புத் தகடு இரண்டு, 12 அடி நீள இரும்புச் சேனல் அல்லது 6க்கு 6 மரவிட்டம் இரண்டு. ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் அடுக்காதீர்கள். மரக்கட்டை நசுங்கும் முன் முனகும். ஹாலோ பிளாக் சத்தமே இல்லாமல் ஒரே நொடியில் பொடிந்துவிடும்.

ஷெட்டின் அடி பல வருடமாக வெளிச்சம் படாத இடம். கை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவிக்கூடு, பாம்பு இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு.

குறுகிய பக்கம் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். மறுபக்கம் அடிக்கட்டைகளுக்கு ஆப்பு வைத்துவிட்டு, இரண்டு வெளி அடிக்கட்டைகளின் கீழும் ஜாக்கி வையுங்கள். ஜாக்கிக்கு அடியில் ஓரடிச் சதுரக் கனப்பலகை, தலையில் இரும்புத் தகடு. தகடு இல்லாவிட்டால் ஜாக்கித் தலை மரத்துக்குள் புதையும்; ஏறுகிற மாதிரித் தெரியும், ஷெட் ஏறாது. தரைப்பலகைக்கோ சுவர்ப்பலகைக்கோ கீழே ஜாக்கி போகவே கூடாது.

இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணி, ஒரே நேரத்தில் ஐந்து அழுத்து அழுத்துங்கள். நிறுத்துங்கள். ஓரங்குலம் ஏறியதும் ஓரங்குலப் பலகையைச் செருகிவிட வேண்டும். முட்டு இல்லாத இடைவெளி எப்போதும் ஓரங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நாலு அங்குலம் சேர்ந்ததும் பலகைகளை எடுத்துவிட்டுக் கட்டை அடுக்கு வையுங்கள்: இரண்டு கட்டை நெடுக்கே, அதன்மேல் இரண்டு குறுக்கே. அடுக்கின் உயரம் அதன் அகலத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. பிறகு மறுபக்கம். ஒரு முனை மற்றதைவிட நாலு அங்குலத்துக்கு மேல் உயரவே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உடம்பை அடியில் விடக் கூடாது.

அரையடிக்குமேல் இடம் கிடைத்ததும் சேனல்களைக் குறுக்கே நுழைத்துவிடுங்கள். அவற்றை ஓரத்திலேயே வைத்தால் ஷெட்டின் நடு தொங்கும், நடுவில் சேர்த்து வைத்தால் முனைகள் தொங்கும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் உள்ளே தள்ளி, 16 அடி ஷெட்டுக்கு இரு முனையிலிருந்தும் மூன்றரை அடியில் வைத்தால் வளைவு மிகக் குறைவு. கதவு நீளப் பக்கத்தில் இருந்தால் அதன் கீழே மூன்றாவது முட்டும் வேண்டும். இதற்குப் பிறகு ஜாக்கி சேனலைத்தான் தூக்கும். எல்லா அடிக்கட்டைகளும் சேர்ந்து எழும்.

உருட்டி ஏற்றுவது

அடிக்கட்டைகளின் தடத்தில் இரண்டு அங்குலக் கனப்பலகைகளைப் பாதையாகப் போட்டு, மேலே 3 அங்குல இரும்புக் குழாய்களை மூன்றடிக்கு ஒன்றாக வைத்து ஷெட்டை இறக்குங்கள். மெல்லிய பிவிசி வடிகால் குழாய் நசுங்கிவிடும். 12 அடி இரும்புக் குழாய் 30, 40 கிலோ வரும், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். குழாய் ஓரடி உருண்டால் ஷெட் இரண்டடி நகரும். ஆகவே குழாய்கள் பின்னால் வெளியே வந்துகொண்டே இருக்கும், எடுத்து முன்னால் போட ஒருவர் நிற்கட்டும். திருப்ப வேண்டுமானால் முன் குழாயின் ஒரு முனையைச் சுத்தியலால் பின்பக்கமாகத் தட்டிச் சாய்த்தால் ஷெட் அந்தப் பக்கம் திரும்பும்.

சமதளத்தில் ஒன்றரை டன் ஷெட் 75 கிலோ தள்ளலுக்கே அசையும், நாலு பேர் போதும். பத்தடிக்கு ஓரடி சரிவில் ஏறினால் கூடுதலாக 150 கிலோ. இறங்கும்போது அதே 150 கிலோ ஷெட்டை இழுத்துக்கொண்டு ஓடும்! பின்னால் கம்பத்தில் சுற்றிய கயிறும், குழாய்களுக்கு ஆப்புடன் ஒருவரும் இல்லாமல் சரிவில் இறக்காதீர்கள்.

தளம் சாயும் டிரெய்லர்தான் வசதி. 12 பாகைச் சாய்வில் 300 கிலோவுக்கு மேல் இழுவை தேவை, உரசல் தனி. 2 டன் வின்ச் (கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவி) தாராளம். பெல்ட்டை முன்முனையில் மாட்டி இழுத்தால் அடிக்கட்டை முனை பிளக்கலாம். பின்முனையைச் சுற்றி இரு பக்கமும் முன்னால் கொண்டுவந்து மாட்டினால் ஷெட் பின்னாலிருந்து தள்ளப்படும். கம்பி வடத்தின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். அறுந்தால் வீச்சு குறையும். அப்படியும் வடத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் வால் ஆடும். கதவு இல்லாத முனை முன்பக்கம் வரட்டும். கட்டுக்கு 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) நாலு, அடிக்கட்டையிலிருந்து தளத்துக்கு. கூரைமேல் போட்டு இறுக்கினால் இறவாரம் உடையும். பிரேக் பிடிக்கும்போது முன்னால் வழுக்காமல் இருக்க அடிக்கட்டைகளின் முன் தளத்தில் தடுப்புக்கட்டை அடியுங்கள். முதல் பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பெல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

வேகம் 50க்குள். ஷெட்டின் முன்சுவரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 90 கிலோ காற்றழுத்தம், 80இல் 220 கிலோ. கூரைத் தகட்டின் முன்விளிம்பில் காற்று புகுந்தால் உரித்துவிடும். அந்த விளிம்பில் மட்டும் அரையடிக்கு ஒரு திருகு கூடுதலாகப் போடுங்கள்.

இறக்கி மட்டம் பார்ப்பது

ஏற்றியதைத் தலைகீழாகச் செய்தால் போதும். ஜல்லியில் உட்கார்ந்ததும் மூலைவிட்டங்களை அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். கால் அங்குலம் வரை மாறினால் பரவாயில்லை. முட்டுக்கட்டைகளைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும், முதலில் கதவின் திருகை மட்டும் எடுத்துத் திறந்து பாருங்கள்.

கதவு உரசினால் உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள். பூட்டுப் பக்க மேல்மூலை உரசினால் அந்தப் பக்கத் தளம் இறங்கியிருக்கிறது. பூட்டுப் பக்கக் கீழ்மூலை உரசினால் கீல் பக்கம் இறங்கியிருக்கிறது. இறங்கிய பக்கத்தை ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி இரும்புத் தகடு செருகினால் கதவு தானாகச் சரியாகும். ஜல்லி முதல் பெருமழைக்குப் பிறகு ஒருமுறை இறங்கும், அப்போது இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். காற்று அடிக்கும் இடமென்றால் நாலு மூலையிலும் மண்ணில் திருகும் நங்கூரக் கம்பி போட்டு அடிக்கட்டையோடு பிணைத்துவிடுங்கள்.