பம்ப்பைக் கழற்றினால் மட்டும் மேனுவல் ஸ்டியரிங் ஆகிவிடாது

பழைய காரில் பவர் ஸ்டியரிங் ஒழுக ஆரம்பித்ததும் மதுரைப் பட்டறைகளில் காதில் விழும் யோசனை பெரும்பாலும் இதுதான்: "பம்ப் பெல்ட்டைக் கழட்டிருவோம்ணே. ஹோஸை லூப் அடிச்சு விட்டா மேனுவல் ஆயிரும்." அதாவது பம்ப்பை நிறுத்திவிட்டு, ஆயில் ஹோஸின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. செலவு கிட்டத்தட்ட இல்லை. வண்டி ஓடவும் செய்யும். ஆனால் அப்படி மாற்றிய காண்டெஸாவை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் விட்டு ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். தோள்பட்டை சொல்லிவிடும், அதற்குப் பெயர் மேனுவல் ஸ்டியரிங் இல்லை, செத்துப்போன பவர் ஸ்டியரிங் என்று.

ரேக் என்பது சக்கரங்களை இடவலமாகத் தள்ளும் பல் வெட்டிய தண்டு, அதை நகர்த்தும் சின்னப் பல்சக்கரம் பினியன். பவர் ரேக்கில் ஸ்டியரிங் தண்டுக்கும் பினியனுக்கும் நடுவே டார்ஷன் பார் என்கிற மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று இருக்கும். நாம் ஒடிக்கும்போது அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில்தான் வால்வு திறந்து, பம்ப் அனுப்பும் ஆயில் வேண்டிய பக்கம் போய்த் தள்ளும். பம்ப்பை எடுத்துவிட்டால் தள்ளுவது போய்விடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். தண்டு முறுக்கி, தடுப்பில் முட்டிய பிறகுதான் சக்கரம் திரும்பும். கைக்கு அது ப்ளே (சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடும் வெற்று ஆட்டம்) மாதிரியே தெரியும். சக்கரத்தைத் தள்ளும் டை ராடின் முனையை (எண்டு) எத்தனை முறை மாற்றினாலும் போகாது. கூடவே ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தேங்கிக் கிடக்கும் ஆயிலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஹோஸ் வாயை அடைத்தால் ஆயிலுக்கு வழி குறைந்து இன்னும் கனக்கும். திறந்து விட்டால் தூசியும் ஈரமும் புகுந்து ரேக் துருப்பிடிக்கும். நடுவழியில் பெல்ட் அறுந்தால் வீடு வந்து சேர இப்படி ஓட்டலாம், அதோடு சரி.

அமெரிக்கக் கார்களில் இதே தவறு வேறு வடிவில் உண்டு. 1958 முதல் 1964 வரையிலான இம்பாலா, முதல் தலைமுறை மஸ்டாங் போன்றவற்றில் பவர் உதவி ஸ்டியரிங் பாக்ஸுக்குள் (ரேக்குக்குப் பதிலாகப் பல்சக்கரங்கள் இருக்கும் பெட்டி) இல்லை. கீழே சென்டர் லிங்கில் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் நடுத் தண்டு) ஒரு கண்ட்ரோல் வால்வும், தள்ளுவதற்குத் தனியாக ஒரு சிலிண்டரும் இருக்கும். சிலிண்டரை மட்டும் கழற்றிவிட்டு வால்வை அப்படியே விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்த வால்வு இரண்டு பக்கமும் கொஞ்சம் நகரும்படி செய்யப்பட்டது. ஆக அந்த ஆட்டம் முழுவதும் ஸ்டியரிங்குக்கு வரும். இந்த வகையில் மேனுவல் சென்டர் லிங்க்கையும் அதற்குரிய டிராப் ஆர்மையும் (பாக்ஸிலிருந்து லிங்கைத் தள்ளும் கை) சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

ஒழுகுகிறது என்பது மட்டும் காரணமென்றால் மாற்றாதீர்கள். சீல் கிட் போட்டால் தீரக்கூடிய விஷயம் அது. பிரஷர் ஹோஸ் வெடித்துவிட்டதா? டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடைகள் மதுரையில் இருக்கின்றன, பழையதைக் கையில் கொண்டுபோனால் அதே அளவுக்குச் செய்து தருவார்கள். அந்த ஹோஸில் ஓடுவது சுமார் 70 முதல் 100 பார் அழுத்தம். சாதாரண ரப்பர் ஹோஸை கிளிப் போட்டு மாட்டுவது தீ விபத்துக்குப் பத்திரிகை அடிப்பது போல. சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நியாயமான காரணங்களும் உண்டு. பாக்ஸே தேய்ந்து, ஸ்பேர் எங்கேயும் கிடைக்காத நிலை ஒன்று. இன்னொன்று, கம்பெனியிலிருந்து மேனுவலாக வந்த வண்டியில் பின்னால் யாரோ பவர் ஸ்டியரிங் ஏற்றியிருப்பது. காரில் பவர் ஸ்டியரிங்கை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கிரைஸ்லர், 1951-ல், இம்பீரியல் மாடலில். அதற்கு முந்தைய கார் ஒன்று காரைக்குடி பக்கத்து வீடு எதிலிருந்தாவது பவர் ஸ்டியரிங்கோடு உங்களிடம் வந்தால், அது இடையில் நடந்த கைவேலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அதைப் பழையபடி ஆக்குவதில் அர்த்தம் இருக்கிறது.

வண்டியை அதிகம் ஓட்டப்போவது யார் என்பதையும் யோசியுங்கள். தோள் வலியுள்ள அப்பாவோ அம்மாவோ தினமும் எடுக்கும் வண்டி என்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

பல் கணக்கைப் பார்க்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது. பவர் ஸ்டியரிங்குக்குத் தோது பார்த்து கம்பெனிக்காரர்கள் பல் விகிதத்தைக் குறைத்து வைப்பார்கள், கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் நிறையத் திரும்பும். 1960-களின் கிரைஸ்லர் கார்களில் பவர் பாக்ஸ் 15.7-க்கு 1, அதாவது ஸ்டியரிங் 15.7 சுற்றுக்கு பாக்ஸின் வெளித்தண்டு 1 சுற்று என்ற கணக்கு. அதே காரின் சாதாரண மேனுவல் பாக்ஸ் 24-க்கு 1. இப்போது பவர் பாக்ஸை வைத்துக்கொண்டே பம்ப்பை எடுத்தால், மேனுவல் காருக்குக் கம்பெனி நினைத்த பலத்தைப் போல ஒன்றரை மடங்கு உங்கள் கை கொடுக்க வேண்டும். பிஸ்டன் ஆயிலைத் தள்ளும் கனம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எனவே தேட வேண்டியது அந்த மாடலுக்கென்றே வந்த மேனுவல் பாக்ஸ் அல்லது மேனுவல் ரேக். காண்டெஸா பவர் இல்லாமலும் வந்த வண்டி என்பதால் வழி இருக்கிறது. அப்படி வாங்கும்போது டிராப் ஆர்மைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பவர் பாக்ஸுக்கும் மேனுவல் பாக்ஸுக்கும் ஸ்பிளைன் (தண்டில் வெட்டிய பற்கள்) அளவும் ஆர்மின் நீளமும் பல மாடல்களில் வேறு. நீளம் மாறினால் விகிதமும் மாறும், எதிர்ப் பக்கத்தில் லிங்கைத் தாங்கும் ஐட்லர் ஆர்மோடு ஒத்தும் போகாது.

அப்புறம் ஸ்டியரிங் வீல். அழகுக்காகச் சின்ன ஸ்போர்ட்ஸ் வீல் மாட்டியிருப்பார்கள். 16 அங்குலத்திலிருந்து 14 அங்குலத்துக்கு இறங்கினால் கையின் பாரம் சுமார் 14 சதவீதம் ஏறும். மேனுவலுக்குப் போகிறீர்கள் என்றால் பழைய பெரிய வீலைப் பரணிலிருந்து இறக்குங்கள். அதற்கு ஒரு அழகும் இருக்கிறது என்பது என் கட்சி.

வெல்டிங் அடிப்பது

மேனுவல் பாக்ஸ் பெரும்பாலும் பவர் பாக்ஸைவிடக் குட்டை. ஸ்டியரிங் தண்டு எட்டாது. உடனே லேத் பட்டறைக்குப் போய் ஒரு பைப் துண்டை வைத்து வெல்டிங் அடித்து நீட்டிவிடுவார்கள். வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் தெரியவும் தெரியாது. இதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒட்டு விட்டுப்போகும் நாளில் பிரேக்கைத் தவிர உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. அது மாட்டுத்தாவணி சிக்னலில் நடக்குமா, கப்பலூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் நடக்குமா என்பது நம் கையில் இல்லை. 1960-களின் கடைசியிலிருந்து வந்த அமெரிக்கக் கார்களில் மோதும்போது தண்டு தானாக உள்ளே மடங்க வேண்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். இடையில் வெல்டிங் விழுந்தால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. சரியான வழி, அந்த மாடலின் மேனுவல் தண்டு. கிடைக்காவிட்டால் இரண்டு முனையிலும் ஸ்பிளைன் ஒத்துப்போகிற, போல்ட்டால் இறுக்கும் ஜாயிண்ட்.

டிராப் ஆர்மை எடுக்கும்போதும் இதே மாதிரி ஒன்று நடக்கும். புல்லர் போட்டு இழுக்காமல் கேஸ் வைத்துச் சூடேற்றிச் சுத்தியலால் அடிப்பார்கள். சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும். அடி, பாக்ஸின் உள்ளே இருக்கும் பேரிங் வரை போகும்.

ஏற்கெனவே யாரோ கை வைத்த அம்பாசடர்

அம்பாசடரில் ஆதியிலிருந்தே இருப்பது ரேக் அண்ட் பினியன். வேறு காரின் பவர் ரேக்கை அதில் ஏற்றுவதற்காக பிராக்கெட்டை அறுத்து, உயரம் மாற்றி ஒட்டியிருப்பார்கள். திரும்ப மேனுவல் ரேக்கை மாட்டும்போது அந்த ஒட்டுப் பிராக்கெட்டிலேயே உட்கார வைத்தால் வேலை கெட்டது. ரேக்கின் உயரம் கொஞ்சம் பிசகினாலும், சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது டை ராடும் சஸ்பென்ஷன் ஆர்மும் வேறு வேறு வட்டத்தில் சுற்றும். விளைவு, ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் வண்டி தானாக ஒரு பக்கம் துள்ளும். ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர் இருக்கும் சாலைகளில் இது பெரிய ரோதனை. அலைன்மெண்ட் கடையில் நூறு முறை காட்டினாலும் தீராது, ஏனென்றால் அங்கே வண்டியை நிற்க வைத்துத்தானே பார்க்கிறார்கள்.

தொடுவதற்கு முன் இன்னொரு ஒரிஜினல் அம்பாசடரில் ரேக் எங்கே உட்காருகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கனம் எங்கிருந்து வருகிறது?

மேனுவல் ஆக்கிய பிறகு "ரொம்ப கனமா இருக்கு" என்று பாக்ஸின் மேல் பழி போடுவார்கள். பல நேரம் குற்றவாளி வேறு ஆள். பவர் ஸ்டியரிங் இருந்த காலத்தில் கிரீஸே பார்க்காத கிங் பின், இறுகிப்போன பால் ஜாயிண்ட் எனச் சக்கரம் திரும்பும் மூட்டுகள் எல்லாவற்றையும் பம்ப் மறைத்து வைத்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். முன்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டு டை ராடு எண்டையும் கழற்றிவிடுங்கள். இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரே சீராக, லேசாக வர வேண்டும். நடுவில் பிடித்தாலோ, மணல் அரைவது போலக் கரகரத்தாலோ கோளாறு அந்தப் பக்கத்து ஜாயிண்டில் இருக்கிறது. பிறகு ஸ்டியரிங்கை மட்டும் திருப்புங்கள். அது தனியாக இறுக்கமாக இருந்தால்தான் பாக்ஸைச் சந்தேகப்பட வேண்டும். அம்பாசடரில் முன் சஸ்பென்ஷனில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து புதியது தெரியும் வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றுங்கள், துடைத்துவிட்டு அடித்ததாகக் கணக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாக்ஸ் வகை ஸ்டியரிங்கில் ப்ளேயைக் குறைக்க மேலே ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ இருக்கும். ஆசைக்கு அதை முறுக்குவது அடுத்த தவறு. பாக்ஸுக்குள் பற்கள் நடு நிலையில்தான் நெருக்கமாகக் கடிக்கும், ஓரங்களில் கொஞ்சம் தளர்ச்சி இருப்பது இயல்பு. அந்தத் தளர்ச்சியை எடுக்க முறுக்கினால் நடுவில் இறுகி, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது, பல்லும் தேயும். பாக்ஸை மாட்டும் முன்பே மேஜையில் வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் நிற்கும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும். ஸ்டியரிங் வீல் கோணலாக இருக்கிறதே என்று வீலைப் பிடுங்கி வேறு பல்லில் மாட்டினால் பார்வைக்கு நேராகிவிடும், பாக்ஸ் நடுவில் இருக்காது. இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருகிச் சரி செய்வதுதான் முறை.

காஸ்டர் கோணத்தையும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) விட்டுவிடுகிறார்கள். பவர் உள்ள மாடலுக்குக் காஸ்டர் கூடுதலாகவும், மேனுவலுக்குக் குறைவாகவும் பல கம்பெனிகள் கொடுத்திருக்கும். கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் என்று போர்டு இருந்தாலும் டோ (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம்) மட்டும் பார்த்து அனுப்பும் கடைகள் உண்டு, காஸ்டர் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். இலேசாக வேண்டும் என்று மேனுவல் அளவுக்கும் கீழே இறக்கினால் வேகத்தில் வண்டி அலையும். அகலமான டயரும், வெளியே துருத்தும் அலாய் வீலும் இருந்தால் காஸ்டர் எவ்வளவு குறைத்தும் பயனில்லை. அம்பாசடருக்குக் கம்பெனி கொடுத்தது 5.90-15, அதை நினைவில் வைத்து டயர் வாங்குங்கள்.

மற்றவை சில்லறை. பம்ப் ஓடிய பெல்ட்டே வாட்டர் பம்ப்பையோ ஆல்டர்னேட்டரையோ ஓட்டினால் பெல்ட் நீளம் மாறும். மேனுவல் பாக்ஸுக்கு அதற்குச் சொன்ன கியர் ஆயில்தான், பவர் ஸ்டியரிங் ஆயில் இல்லை. பம்ப்பின் பாரம் போனதால் ஐட்லிங்கைத் திரும்ப வைக்க வேண்டும். 1970-களின் சில அமெரிக்கக் கார்களில் பிரேக் பூஸ்டரும் இதே பம்ப்பில்தான் ஓடுகிறது. அதைப் பார்க்காமல் கழற்றினால் பிரேக்கும் கல்லாகிவிடும்.

எஃப்.சி.க்குப் போகும் முன்

மத்திய மோட்டார் வாகன விதி 98 ஸ்டியரிங்குக்கு உரியது. வீலில் ப்ளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டியிருக்க வேண்டும். லூப் அடித்த ரேக், பழைய ஜாயிண்டுகளின் தேய்மானமும் சேர்ந்தால் முதல் நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்ளலாம். மூன்றாவதற்கு, கழற்றிய காட்டர் பின் (நட் கழலாமல் பூட்டும் ஊசி) எதையும் நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். புதியது சில ரூபாய்.

50 வயது தாண்டிய கார் என்றால் 2021-ல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். வண்டி ஒரிஜினல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பெனியே பவர் ஸ்டியரிங்கோடு அனுப்பிய காரை மேனுவல் ஆக்குகிறவர்கள் பம்ப், பாக்ஸ், தண்டு, பிராக்கெட், போல்ட் வரை எதையும் பழைய இரும்புக்குப் போடாமல், துளைகளை அடைத்து, ஆயில் தடவி, சீட்டு எழுதி எடுத்து வைக்க வேண்டும். பின்னால் வாங்குபவரும் கேட்பார்.

வேலை முடிந்ததும் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறிப் பார்க்கலாம் என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். முதலில் ரிங் ரோடு ஓரம் காலியான இடத்தில் மெதுவாக எட்டுப் போடுங்கள், கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். நின்ற இடத்தில் ஒடிக்காமல், வண்டி ஒரு முழமாவது உருண்ட பிறகு ஒடிக்கப் பழகுங்கள். கட்டைவிரலை வீலின் கம்பிக்குள் கோத்துப் பிடிக்காதீர்கள், பள்ளத்தில் விழுந்தால் மேனுவல் ஸ்டியரிங் திருப்பி அடிக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பாக்ஸ் போல்ட், டிராப் ஆர்ம் நட் எல்லாவற்றையும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் மலைக்குப் போகலாம்.