அபிராடெரோன் மாத்திரை: வீட்டில் நடக்கும் தவறுகள்

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் அபிராடெரோனை வீடுகளில் ‘கீமோ மாத்திரை’ என்கிறார்கள். உண்மையில் இது ஹார்மோன் மருந்து; ஆண் ஹார்மோன் உருவாகத் தேவையான நொதியைத் தடுக்கிறது. முடி கொட்டுவதில்லை என்பதால் சாதாரண மாத்திரை போல நினைத்து, காலைச் சிற்றுண்டி முடிந்ததும் மற்றவற்றோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு.

வழக்கமான அளவு நாளுக்கு ஒரே வேளை 1000 மி.கி. 250 மி.கி. மாத்திரை என்றால் நான்கு, 500 மி.கி. என்றால் இரண்டு. சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். போட்டபின் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்பு குறைந்த உணவோடு போட்டாலே உடலில் சேரும் மருந்து சுமார் 5 மடங்காகும்; கொழுப்பு மிகுந்த உணவோடு 10 மடங்கு வரை போகும். இன்று இட்லி, நாளை பூரி என்றால் மருந்தும் அதற்கேற்பத் தாறுமாறாக ஏறும். பால் காபியும் சத்துமாவுக் கஞ்சியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். காலை எழுந்ததும் வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிப்பது எளிது. இரவு 7.30-க்குச் சாப்பிடுபவர் 10 மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கலாம். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம்.

செலவைக் குறைக்கச் சில மருத்துவர்கள் 250 மி.கி.யை மட்டும் கொழுப்பு குறைந்த காலை உணவோடு தருவதுண்டு. 2018-இல் வெளியான, 72 பேரிடம் செய்த சிறிய ஆய்வு இதற்கு அடிப்படை. மருத்துவர் எழுதினால் சரி. பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் சாப்பிடுகிறார் என்று நீங்களாக மாறினால் ஆபத்து.

கூடவே தரும் பிரெட்னிசோலோன் 5 மி.கி.யை (நோயின் நிலையைப் பொறுத்து ஒரு வேளையோ இரு வேளையோ) ‘ஸ்டீராய்டு கெடுதல்’ என்று நிறுத்துவது அடுத்த தவறு. அபிராடெரோன், உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசாலையும் குறைத்துவிடும். அதை ஈடுகட்ட மூளை அட்ரீனல் சுரப்பியை முடுக்குகிறது. உப்பையும் நீரையும் தேக்கும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. விளைவு: ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். கெண்டைக்கால் இழுப்பு, தசைத் தளர்ச்சி, படபடப்பு வந்தால் வயது என்று விட்டுவிடாமல் பொட்டாசியம் பாருங்கள். பிரெட்னிசோலோனைச் சாப்பிட்டபின் போட வேண்டும்; ஆகவே இரண்டையும் ஒன்றாக விழுங்க முடியாது. கால் வீக்கத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் பிரிக்கும் மாத்திரை வேண்டாம், அது பி.எஸ்.ஏ.வை (புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) ஏற்றக்கூடும்.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். கல்லீரல் பரிசோதனை தொடங்குமுன் ஒரு முறை, முதல் 3 மாதம் இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் மாதந்தோறும். சிறுநீர் அடர்மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்ற மாத்திரைகளின் பட்டியலையும் மறைக்காதீர்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமாசெபின் ஆகியவை அபிராடெரோனின் அளவைக் குறைத்துவிடும். சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். பிரெட்னிசோலோனோ அதை ஏற்றும். ஆகவே வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கமான அளவு மட்டும், இரட்டிப்பு வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை தொடங்கியாயிற்று என்று, விரையில் ஆண் ஹார்மோன் சுரப்பதை அடக்கப் போடும் ஹார்மோன் ஊசியை நிறுத்துவதும் தவறு. விரை அகற்றும் அறுவை செய்யாதவருக்கு இரண்டும் சேர்ந்தே தொடர வேண்டும்.

கர்ப்பிணியான மகளோ மருமகளோ இந்த மாத்திரையை வெறுங்கையால் எடுத்துத் தரக் கூடாது. வேறு ஆள் இல்லையென்றால் கையுறை அவசியம். மீந்த மாத்திரையைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள்.