சோக்கில் ஓடுது, திறந்தால் நிற்குது: பிரஷர் வோஷர் எஞ்சினைச் சரிசெய்த விதம்

திருகோணமலையில் மாரி முடியும்போது மதில் எல்லாம் பாசி பிடித்துக் கறுத்துப் போயிருக்கும். தை கடைசியில் அதைக் கழுவலாம் என்று, ஐப்பசியில் மூலையில் வைத்த பெற்றோல் பிரஷர் வோஷரை வெளியே எடுத்தேன். கயிற்றை இழுத்தால், சோக்கைப் (எஞ்சினுக்குப் போகும் காற்றை அடைக்கும் மூடி) போட்டபோது பிடித்தது. சோக்கைத் திறந்ததும் இருமி நின்றுவிட்டது. மூன்று நாள் மல்லுக்கட்டித்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். என்னுடையது ஹொண்டா ஜிஎக்ஸ் 160 அமைப்பில் வரும் 4 ஸ்ட்ரோக் எஞ்சின். கடைகளில் கிடைக்கும் சீனத் தயாரிப்புகள் பலவும் இதே அமைப்புத்தான்.

முதலில் தண்ணீர்ப் பக்கம். ஹோஸைப் பூட்டிக் குழாயைத் திறந்து, துப்பாக்கியின் விசையை அழுத்தி, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். ஒவ்வொரு முறை கயிறு இழுக்கும் முன்பும் விசையை அழுத்தி உள்ளே நிற்கும் அமுக்கத்தை வெளியேற்ற வேண்டும். பம்ப் எஞ்சின் தண்டோடு நேராகப் பூட்டியிருப்பதால், அமுக்கம் நின்றால் கயிறு அசையாது. எஞ்சின் இறுகிவிட்டதென்று பலர் பயப்படுவது இதற்குத்தான்.

அடுத்தது ஒயில். மெஷினைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் போகும். ஒயில் குறைந்தால் பிளக்குக்கு மின்பொறி வராமல் தடுக்கும் சென்சர் பல எஞ்சின்களில் உண்டு. பொறி வரவில்லையென்று கொயில் (பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்) வாங்கப் போகுமுன் ஒயிலைப் பார்த்துவிடுங்கள், காசு மிஞ்சும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை இழுத்த பிறகும் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை, நனைந்திருந்தால் வருகிறது. இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். ஆனால் சோக்கில் ஓடுகிற எஞ்சினுக்கு அனேகமாகப் பிளக்கில் குற்றம் இல்லை. சோக் காற்றை அடைப்பதால் பெற்றோல் கூடுதலாக இழுபடும். அப்போது மட்டும் ஓடுகிறதென்றால், சாதாரணமாக வரவேண்டிய பெற்றோல் வரவில்லை. ஆகவே குற்றம், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரில்.

வெளிமுற்றத்தில், அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பெற்றோல் குழாயை மூடி, பிளக் மூடியை இழுத்துவிட்டு, கீழே ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, காபரேட்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தை 10 சைஸ் ஸ்பனரால் கழற்றுங்கள். என்னுடைய கிண்ணத்தில் தேத்தண்ணி நிறத்தில் பிசின், ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த தூள். மிச்சப் பெற்றோலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. கடற்காற்றில் மூன்று மாதம் நின்ற பெற்றோல் இப்படித்தான் ஆகும்.

நடுவில் பித்தளை ஜெட் இருக்கும், பெற்றோலை அளவாக விடும் துளையுள்ள சின்னத் திருகு. பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் மட்டும் கழற்றுங்கள், பித்தளை மெது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால், மின்சார வயருக்குள் இருக்கும் செப்பு இழை ஒன்றை விட்டுக் குத்துங்கள். ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடம் இது. ஜெட்டை மூன்று முறை சுத்தம் செய்து பூட்டினேன். ஓடியது, ஆனால் வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு வாங்குவது போல. அந்த ஜெட்டுக்கு மேலே, அதே துளைக்குள் இன்னொரு பித்தளைக் குழாய் உண்டு, பக்கங்களில் நுண்ணிய துளைகளோடு. ஜெட்டைக் கழற்றினால் அது தானாக விழ வேண்டும். என்னுடையது பிசினில் ஒட்டிப்போய் விழவே இல்லை, அதனால் அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை. காபரேட்டரை எஞ்சினிலிருந்து கழற்றி, காற்றுப் போகும் வாய்ப் பக்கமிருந்து தடித்த ஈர்க்கால் மெல்லத் தள்ளினேன். டக்கென்று கையில் விழுந்தது. பக்கத் துளைகள் அத்தனையும் அடைப்பு.

அதைக் காபரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, செப்பு இழையால் ஒவ்வொரு துளையாகத் திறந்து ஊதினேன். கிளீனர் அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைக்கச் சொல்வார்கள். அது கிரீஸை எடுக்கும், காய்ந்த பெற்றோல் பிசினுக்குப் போதாது. வேகம் குறைக்கும் ஸ்குரூவுக்கு அடியில் இருக்கும் சின்ன ஜெட்டையும் அப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். கழற்றும்போது கஸ்கெட்டுகள் (இடையில் கசிவைத் தடுக்கும் தகடுகள்) எந்தப் பக்கம் பார்த்து நின்றன என்று போனில் படம் எடுத்து வையுங்கள். மாறிப் பூட்டினால் காற்று கசிந்து அதே தொந்தரவு திரும்ப வரும்.

பூட்டி, சோக்கில் இரண்டு இழுவை. சோக்கைத் திறந்தேன், நிற்கவில்லை. அன்று பின்னேரமே மதில் வெள்ளையானது. ஓடும்போது துப்பாக்கியை மூடி வைத்துக்கொண்டு கதை பேசாதீர்கள். அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சூடேறி சீல்களைக் கெடுக்கும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒருவருக்கு எஞ்சின் 10 நிமிடம் ஓடி நிற்கிறதாம். நின்றதும் டாங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்கச் சொன்னேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், எஞ்சின் திரும்பப் பிடித்தது. மூடியிலிருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தது, கழுவியதும் சரி.

இன்னொருவர் மீன்பிடிப் போட்டுக்கு (படகுக்கு) மண்ணெண்ணெய் எடுக்கும் கானிலேயே பெற்றோலும் எடுத்திருக்கிறார். அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் மிஞ்சினாலும் ஸ்டார்ட் ஆவது கஷ்டம். இதற்கென்று தனிக் கான் வையுங்கள், 2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலில் கலக்கும் 2டி ஒயிலும் கலக்க வேண்டாம். பெற்றோல் செட்டில் கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோல் போதும்.

இந்த ஐப்பசியில் நான் டாங்கை வடித்து, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் வடிகால் ஸ்குரூவைத் திறந்து மிச்சத்தையும் எடுத்துவிட்டுத்தான் மூடி வைத்தேன். நேற்று முதல் இழுவையிலேயே பிடித்தது.